சாய்ப்பில் கிடந்த சைக்கிள் சாலைக்குத் திரும்பியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு குடும்பத்தில் தாத்தா ஓட்டிய சைக்கிள், அவர் காலத்துக்குப் பிறகு வீட்டின் பின்புறச் சாய்ப்பில் பல ஆண்டுகள் சுவரோடு சாய்ந்தே கிடந்தது. எஃகு ஃபிரேம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகள் இழுக்கும் வகை), காட்டர் என்ற ஆப்பு போட்ட கிராங்க் (பெடல் மாட்டும் கை), கியர் கிடையாது. பழைய ரோட்ஸ்டர் வகை. பேத்திக்கு வேலை கிடைத்தபோது, வேலையிடம் சுமார் 5 கிலோமீட்டர்தானே, தாத்தா வண்டியையே ஓட்டலாமே என்று தோன்றியிருக்கிறது. வழியில் ஒரு பாலம் ஏறி இறங்க வேண்டும். அவருடைய அம்மாவுக்கும் இந்த யோசனையில் சந்தோஷம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "அப்பா ஓட்டின வண்டி. எதையும் மாத்திடாதீங்க."

வேலையைச் செய்தவர் பழைய வண்டிகளில் நீண்ட அனுபவம் உள்ள ஒரு மெக்கானிக். நான் கூடமாட உதவிக்கொண்டு, அளவுகளையும் எடுத்த முடிவுகளையும் குறித்துவந்தேன்.

குடும்பம் கேட்டது எளிமையானது: டயர், டியூப் மாற்ற வேண்டும், எண்ணெய் விட வேண்டும், பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். கிடப்பில் இருந்த பெரும்பாலான சைக்கிள்கள் இந்த அளவு வேலையோடுதான் சாலைக்குத் திரும்புகின்றன. இந்த வண்டிக்கும் அதோடு நிறுத்தியிருந்தால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எதற்காக இந்த வண்டி?

ஸ்பேனரைத் தொடும் முன் மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டார்.

"தினமும் ஓட்டப் போறியா பாப்பா, இல்ல எப்பவாவதா?"

"தினமும்தான் அண்ணே. மழைக்காலத்துலயும்."

அந்தப் பதிலோடு வேலையின் அளவே மாறிவிட்டது. ஞாபகமாக வைத்துக்கொள்ளும் வண்டி என்றால் துருவை மேலும் பரவாமல் நிறுத்தி, இருப்பதை அப்படியே காப்பாற்றினால் போதும். தினமும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓடும் வண்டி என்றால், ஒவ்வொரு பாகமும் பாரத்தையும் பிரேக்கையும் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். இந்த இரண்டு நோக்கமும் பல இடங்களில் ஒத்துப்போகும், சில இடங்களில் மோதும். மோதினால் என்ன செய்வது என்பதை அப்போதே பேசிவைத்தோம். உடைந்தால் ஓட்டுபவரைக் கீழே தள்ளும் பாகம் சந்தேகத்துக்கு இடமாக இருந்தால் மாற்றுவது; மற்றதெல்லாம் அப்படியே இருப்பது. அம்மாவும் சம்மதித்தார். எந்தப் பாகம் எந்தப் பக்கம் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சாலையில் ஓடத் தகுதி என்பதற்கு ஒரு குறைந்தபட்ச அளவுகோலும் தேவைப்பட்டது. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் 44ஆம் பிரிவில் சைக்கிளுக்குச் சொல்வது கொஞ்சம்தான்: நன்றாகப் பிடிக்கும் பிரேக், போதிய தூரத்துக்குக் கேட்கும் மணி, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. புது சைக்கிள்களுக்கான ஐஎஸ்ஓ 4210 தரம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒன்றையொன்று சாராத தனித்தனி பிரேக் வேண்டும் என்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டோம். ஆனால் ஒப்பந்தம் கேட்பதெல்லாம் வெளியில் நின்று பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியவை. குழாய்க்குள் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும்.

பிரிக்காமல் பார்த்தவை

முதலில் ஃபிரேம். எங்காவது முன்பக்கமாக மோதிய வண்டி என்றால், ஹேண்டிலுக்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கும். விரலால் தடவினாலே ஒரு மேடு தட்டும். இதில் அப்படி எதுவும் இல்லை. அடுத்து நூல் சோதனை. பின்சக்கரம் மாட்டும் ஒரு காதில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு காதில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இங்கே வித்தியாசம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. குழாய் நெடுகிலும் ஸ்பேனர் பிடியால் தட்டிக் கேட்டபோதும் எங்கும் சத்தம் மங்கவில்லை. துரு மேலோட்டமாக இருந்ததே தவிர, குழாயைத் தின்றிருக்கவில்லை.

டயர்களின் பக்கவாட்டில் நூல் தெரிந்தது, ரப்பர் கையோடு உதிர்ந்தது. செயினை அளந்தோம். புதுச் செயினில் 24 பின் இடைவெளி சரியாக 12 அங்குலம் வரும். 12 அங்குலத்துக்கு மேல் 1/16 அங்குலம் ஏறியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இதில் 1/8 அங்குலத்துக்கும் மேல் இருந்தது. அந்த அளவுக்கு நீண்ட செயின் பல்லையும் கூடவே தேய்க்கும். நல்ல வேளையாக முன் பல்சக்கரம் தடிமனான எஃகு, பற்களில் கொக்கி வளைவு இன்னும் விழவில்லை.

பிரேக் கட்டைகள் கல்லாகியிருந்தன. முன்சக்கரத்தில் சின்னக் கோட்டம், பின்சக்கரத்தில் பெரிய கோட்டம். ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றது. ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள ஹெட் கப்பில் பால்ரஸ் குண்டுகள் அழுத்திக் குழி விழுந்திருக்கும் என்று நினைத்தோம். அதுவும் உண்மைதான், ஆனால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது.

பிரித்தபோது

காட்டரைக் கழற்றுவதில்தான் பல பழைய வண்டிகள் வீணாகின்றன என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கிராங்கையும் ஆக்சிலையும் பிணைக்கும் அந்தச் சின்ன ஆப்பு, ஆண்டுக்கணக்கில் துருவோடு இறுகிக்கிடக்கும். சும்மா சுத்தியலால் அடித்தால் அடியெல்லாம் பால்ரஸுக்குப் போய் கப்பில் குழி விழும், காட்டரின் மரைப்பக்கமும் வளையும். மெக்கானிக் முந்தைய நாளே துருநீக்கி எண்ணெயை விட்டு ஊறவைத்தார். மறுநாள் கிராங்குக்குக் கீழே, காட்டரின் தலை உள்ளே இறங்கும் அளவு துளையுள்ள ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்தார். நட்டை முழுதாகக் கழற்றவில்லை. மரையின் நுனியும் நட்டின் மேல்தளமும் ஒரே மட்டத்தில் வரும்படி விட்டார். பிறகு கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. பொட்டென்று சத்தம் வந்தது, காட்டர் இறங்கியது. தட்டித்தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப் பார்ப்பதுதான் கெடுதல், முட்டு சரியாக இருந்தால் ஓங்கி ஓர் அடியே நல்லது என்றார். இடப்பக்கக் காட்டர் அப்படியும் வரவில்லை. துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மரைகளின் திசையும் கவனிக்க வேண்டியது. இடது பெடலுக்கு மறுமரை. பிரிட்டிஷ் வகை வண்டிகளில் கிராங்க் ஆக்சிலின் வலப்பக்கக் கப்புக்கும் மறுமரைதான். இது தெரியாமல் வழக்கமான திசையில் பலத்தைப் போட்டால் கழல்வதற்குப் பதில் மேலும் இறுகும், கடைசியில் மரை போய்விடும். வலப்பக்கக் கப்பை நாங்கள் கழற்றவே இல்லை. உள்ளே துடைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தோம், ஓடுதடம் வழவழப்பாக இருந்தது. நன்றாக இருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும்?

பால்ரஸ் குண்டுகள் உருளும் கூம்பு வடிவக் கோன்களைப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, பால்பாயின்ட் பேனா முனையை ஓடுதடத்தில் மெல்ல ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குழிகூட முனையில் தட்டும். முன் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) ஒரு கோன் இப்படித்தான் மாட்டியது. பால்ரஸ் குண்டுகளை எல்லா இடத்திலும் முழு செட்டாக மாற்றினோம்: முன் ஹப்புக்குப் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலம், பின் ஹப்புக்கு 9 வீதம் 1/4 அங்குலம், கிராங்க் ஆக்சிலுக்கு 11 வீதம் 1/4 அங்குலம். பழசும் புதுசும் கலந்து போட்டால், கொஞ்சம் பெரிதாக உள்ள குண்டுகள்மேலேயே பாரம் முழுதும் விழும்.

ஃபிரீவீலைத் திறக்கவில்லை. மண்ணெண்ணெய் விட்டு அழுக்கு வெளிவரும்வரை சுழற்றி, காயவிட்டு, மெல்லிய எண்ணெய் விட்டோம். அதற்குள் கிரீஸ் போடக் கூடாது. உள்ளே பல்லைக் கவ்வும் சின்னக் கொக்கிகள் (நாய்க்குட்டிகள் என்பார்கள்) ஒட்டிக்கொண்டால் மிதிக்கும்போது திடீரென்று வழுக்கும்.

சாக்பீஸ் பொடியில் தெரிந்த கோடு

ஹேண்டில் தண்டு ஃபோர்க்குக்குள் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) துருவோடு பிடித்திருந்தது. மேல் போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டி, உள்ளே உள்ள கூம்பை இறக்கியபிறகும் அசையவில்லை. எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, மறுபடியும் முயன்று, ஒருவழியாக உருவி எடுத்தோம். ஃபோர்க்கைக் கீழே இறக்கியதும், முன்குழாய்க்குள் ஏறி நிற்கும் அதன் தண்டுக்குள்ளிருந்து துருச் செதில்கள் கொட்டின.

அந்த இடத்தில் துரு பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஃபோர்க்கின் தலைப்பகுதியில் தண்டின் அடி திறந்தே இருக்கும். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அதன் வழியாக மேலே ஏறி உள்ளேயே தங்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் தண்டு முழுவதும் முன்குழாய்க்குள் மறைந்திருக்கிறது.

மெக்கானிக் தண்டை மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவைத்தார். எடுத்து, ஈரம் போகத் துடைத்து, அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து பொடியை நனைக்கும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, கீழ்க்கோன் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, தண்டின் முன்பக்கத்தில், முடி போல ஒரு கறுப்புக் கோடு. சுற்றளவில் கால்பங்கு நீளம் இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி பொடி போட்டோம். அதே இடத்தில் அதே கோடு வந்தது.

ஃபோர்க்கில் ஆகவும் அதிகப் பாரம் விழும் இடமும் அதுதான். முன் பிரேக்கைப் பிடிக்கும்போது சக்கரம் நிற்கப் பார்க்கும், ஆளும் வண்டியும் முன்னால் போகப் பார்க்கும். அந்த வளைவு விசை முழுவதும் கீழ்க்கோன் அருகே வந்து குவியும். ஃபிரேமின் மற்றக் குழாய்கள் உடையும்போது பெரும்பாலும் வண்டி ஆடும், கிரீச்சிடும், ஏதாவது ஒரு அறிகுறி காட்டும். ஃபோர்க் தண்டு முறிந்தால் ஹேண்டிலுக்கும் முன்சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துபோகும். ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் நேரம்தான் அது நடக்க அதிக வாய்ப்பு என்பதை நினைத்தபோது எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது.

ஃபோர்க்கை என்ன செய்வது

அம்மாவையும் மகளையும் வரவழைத்து, பொடி போட்டே காட்டினார் மெக்கானிக். அம்மா கேட்டது நியாயமான கேள்விதான்: வெல்டிங் வைத்துக்கொள்ள முடியாதா?

முடியாது என்று நாங்கள் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. தண்டு மெல்லிய குழாய், உள்பக்கம் துருத் தின்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க வழியில்லை. விரிசலுக்கு மிக அருகே, தண்டும் ஃபோர்க் தலையும் பித்தளையால் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. வெல்டிங் சூட்டில் அந்தப் பிணைப்பு கெடும். வெல்டிங்கின் ஓரத்து இரும்பும் பலம் இழக்கும். உள்ளே இன்னொரு குழாயைச் செருகிப் பலப்படுத்தலாம் என்றால், ஹேண்டில் தண்டு இறங்க இடம் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், வேலை முடிந்தபின் அது பிடித்திருக்கிறதா என்று சோதிக்க எங்களிடம் வழியில்லை. சோதிக்க முடியாத ரிப்பேரை ஃபோர்க்கில் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

"மாத்தாம விட்டா ஓட்டாம விடணும்மா. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் மெக்கானிக்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். சில நாள் கழித்து வந்து, பழைய ஃபோர்க்கைத் தூக்கிப்போடாமல் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும், மற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவரை யாரும் அவசரப்படுத்தாதது நல்லதாயிற்று.

வேறொரு பழைய வண்டியின் ஃபோர்க் கைவசம் கிடைத்தது. அதை எடுக்கவில்லை, அதன் பூர்வீகமும் தெரியாது, அதே இடத்தில் அதே துரு இருக்கலாம். புது ஃபோர்க்தான் என்று முடிவானது. அதற்கு அளவுகள் வேண்டும்: தண்டின் நீளம், மரை, கீழ்க்கோன் உட்காரும் இடத்தின் விட்டம், சக்கர அளவு. நீளம் கூடுதலாக இருந்தால் அறுத்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1 அங்குலத் தண்டில் பரவலாக இருப்பது அங்குலத்துக்கு 24 மரை, ஆனால் ராலே போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 26 மரையும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நட்டு இரண்டு சுற்றுப் போய் இறுகும்; பலத்தைப் போட்டால் இரண்டு பக்க மரையும் நாசம். மரை அளவியை வைத்துப் பார்த்தோம், இது 24. கீழ்க்கோன் உட்காரும் இடத்தின் விட்டம் புது ஃபோர்க்கில் சற்றுக் கூடுதலாக இருந்ததால், கோனையும் சேர்த்தே புதிதாகப் போட்டோம்.

சக்கரமும் பிரேக்கும்

பின் ரிம்மில், ஸ்போக்ஸ் கம்பிகளைப் பிடிக்கும் நிப்பிள்களின் துளைகளைச் சுற்றித் துரு செதிலாக எழும்பியிருந்தது. ஊசியால் குத்தியபோது ஓரிடத்தில் உள்ளே இறங்கியது. ரிம்மையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் மாற்றினோம். இந்த வகை வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்பது பழைய முறை. ஹப்பின் துளைகளை எண்ணாமல் ரிம் வாங்கிவிடக் கூடாது. முன் ரிம் உறுதியாக இருந்ததால் கோட்டம் மட்டும் எடுத்தோம், ஒவ்வொரு நிப்பிளையும் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல்.

டயரிலும் ஒரு சிக்கல் வரும். 28 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கின்றன. இந்த ரிம்முக்கு வேண்டியது 28 × 1½. டயர் விளிம்பு உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்று பரவலாக விற்கும் 700சி டயர் 622 மில்லிமீட்டர், அதன்மேலும் 28 என்று அச்சிட்டிருப்பார்கள். டயரின் பக்கத்தில் 635 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

கம்பி பிரேக்கை வைத்துக்கொள்வதா என்று நிறையப் பேசினோம். அது இல்லாவிட்டால் அம்மாவுக்கு அந்த வண்டி அவர் அப்பா வண்டியாகத் தெரியாது. காய்ந்த ரிம்மில், புதுக் கட்டையோடு, மூட்டுகளில் ஆட்டம் இல்லாமல் சரிசெய்தால் அது நன்றாகவே பிடிக்கும். குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் எந்தக் கட்டையும் வழுக்கும். தோல் முகம் வைத்த கட்டைகள் ஈரத்தில் கொஞ்சம் மேலாகப் பிடிக்கும் என்பதால் அவற்றையே போட்டோம். மழையில் பிடிப்பு குறையும் என்பதை மகளிடம் வாயால் சொன்னதோடு விடாமல், ரிம்மில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கவும் வைத்தோம்.

பெயின்ட்

தொடவில்லை. கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, துரு வெளிப்பட்ட இடங்களில் மட்டும் ஈர உப்புத்தாளால் தேய்த்து மெழுகு பூசினோம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. தாத்தா கையால் எழுதிய எழுத்துகள் செயின் கவரில் பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தன; அவை அப்படியே இருக்கின்றன. புது ஃபோர்க் மட்டும் கறுப்பில் கொஞ்சம் பளபளப்பாகத் தனியே தெரிகிறது. மங்கலாக்கிவிடலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், எது மாறியது என்று தெரியட்டும் என்றார் அம்மா.

ஓட்டிப் பார்த்தபின்

முதலில் மெக்கானிக் ஓட்டினார், பிறகு மகள் ஆளில்லாத தெருவில் ஓட்டினார். சில நாளில் இடது கிராங்கில் ஒவ்வொரு மிதிக்கும் டிக் டிக் என்று சத்தம். புதுக் காட்டர் தன் இடத்தில் உட்காரும்போது இது வருவது சகஜம். ஆனால் அப்படியே ஓட்டினால் காட்டரும் ஆக்சிலின் தட்டைப் பகுதியும் கெட்டுவிடும். நட்டை மட்டும் முறுக்கினால் மரை போகும்; முட்டுக் கொடுத்துத் தட்டி உட்காரவைத்து, அப்புறம் நட்டை இறுக்கினோம். சத்தம் நின்றது. பின்சக்கரத்துப் புதுக் கம்பிகளும் கொஞ்சம் தளர்ந்திருந்தன, மறுபடி கோட்டம் எடுத்தோம்.

அதன்பிறகு வண்டி தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹேண்டில் தட்டாமல் திரும்புகிறது. மழைக்காலத்தில்தான் குறை தெரிந்தது. தோல் கட்டை போட்டும், நனைந்த ரிம்மோடு பாலத்தில் இறங்கும்போது வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் அதிகம் என்று மகள் வந்து சொன்னார். இப்போதைக்குக் கனமழை நாளில் பஸ்ஸில் போகிறார், தூறலில் பாலத்தின் இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்.

அடுத்த முறை மாறுபவை

வேலையின் வரிசை மாறும். இந்த வண்டியில் ஹப், கிராங்க், செயின் எல்லாம் பார்த்தபின்தான் ஃபோர்க்கை இறக்கினோம். ஃபோர்க்கில் விரிசல் என்று தெரிந்ததும் குடும்பம் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் அதுவரை போட்ட பாகங்கள் வீணாகியிருக்கும். இனி நூல் சோதனை முடிந்ததும் ஃபோர்க்கை இறக்கி, சாக்பீஸ் பொடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவது என்று மெக்கானிக் வைத்துக்கொண்டிருக்கிறார். புது ஃபோர்க் மாட்டும்போது தண்டின் உள்பக்கம் கிரீஸ் தடவி, அடித் துளையை ரப்பர் அடைப்பானால் மூடுவதையும் வழக்கமாக்கியிருக்கிறார். இந்த வண்டியிலும் அப்படித்தான் செய்தார்.

மழைக்குத் தீர்வாக, முன்சக்கரத்தில் மூடிய டிரம் பிரேக் ஹப் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பிரேக் கட்டை ஹப்புக்குள்ளேயே இருப்பதால் ரிம் நனைவது அதைப் பாதிக்காது, பழைய கம்பி பிரேக்கைப் பின்சக்கரத்தில் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் டிரம்மின் எதிர்விசைத் தகடு ஃபோர்க்கின் ஒரு காலோடு கவ்வி நிற்கும். பிரேக் பிடிக்கும்போது அந்தக் காலின்மேல் கூடுதல் முறுக்கு விழும். புது ஃபோர்க்கின் கால் அதைத் தாங்கும் தடிமன் உள்ளதா, 32 துளை ஹப் கிடைக்குமா, அதன் அகலம் ஃபோர்க் காதுகளுக்கு நடுவே பொருந்துமா என்பவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மா இந்த முறை யோசிக்க நேரம் கேட்கவில்லை, சக்கரம் எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்.